ஸ்கிம்போர்ட் ஆற்றில் சரியாக ஓடவில்லையா? மலைநாட்டு ஆறுகளுக்கான பிழை நீக்கும் வழி

ஸ்கிம்போர்ட் என்பது ஆழமில்லாத தண்ணீர்மேல் எறிந்துவிட்டு, ஓடிப்போய் ஏறி நின்று வழுக்கிச் செல்கிற பலகை. பழுது என்று மலைநாட்டுப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வருகிற ஸ்கிம்போர்ட்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. அறுகம்பேயிலோ வெலிகமவிலோ கடல் அலைக்கென்று விற்ற ஃபோம் பலகையைக் கொத்மலை ஓயாவின் கூழாங்கல்லில் போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் கம்பளை மணல் திட்டில் அருமையாக ஓடிய மரப்பலகையை நானுஓயாக் குளிரில் போட்டுவிட்டு, கால் நிற்கவில்லை என்பார்கள். பலகை ஒரு ஆற்றுக்குப் பொருந்தும், இன்னொன்றுக்குப் பொருந்தாது. அதனால் கீழே எந்த அறிகுறிக்கும் ஒரே வரிசையில்தான் போகிறேன்: முதலில் காசு செலவில்லாத காரணம், பிறகு மெழுகு, பசை, வார்னிஷ், அதற்குப் பிறகு ரெசின், அதாவது இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகுகிற பிசின். புதுப்பலகை கடைசியில்தான்.

இரண்டு வகைப் பலகைகள் நம்மிடம் புழங்குகின்றன. ஒன்று பிளைவுட்டில் செய்த தட்டையான மரப்பலகை. மற்றது உள்ளே ஃபோம், வெளியே ஃபைபர் போர்த்திய கடல் பலகை. உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டு வாசியுங்கள். சில இடங்களில் மருந்தே வேறு.

## எல்லாவற்றுக்கும் முன்னால்: தண்ணீர் மாறுகிறது

தெளிந்த தண்ணீர் கலங்குகிறது. காய்ந்த இலையும் குச்சியும் நுரையும் மிதந்து வருகின்றன. கரையில் அடையாளம் பார்த்து வைத்த கல் காணாமல் போகிறது. ஆற்றின் இரைச்சல் கூடுகிறது.

இதில் ஒன்று தெரிந்தாலும் வேறு சோதனை வேண்டாம். பலகை போனால் போகட்டும், மேட்டுக்கு ஏறுங்கள்.

காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். மேலே எங்கோ மழை பெய்திருக்கலாம்; நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்து சேரும். அல்லது அணைக்கட்டுக் கதவு திறந்திருக்கும். தலவாக்கலையில் மேல் கொத்மலை அணையின் கதவைத் திறக்கும்போது சைரன் ஊதுவார்கள். அதைக் கேட்டும் "இன்னும் ஒரு ரவுண்டு" என்று நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். கித்துல்கலப் பக்கம் களனி கங்கையின் மட்டம் மேலேயுள்ள மின்நிலையங்கள் ஓடுவதையும் நிற்பதையும் பொறுத்து ஏறி இறங்கும். மழைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது.

இறங்கும் முன்னால் செய்யவேண்டியது: தண்ணீர் ஓரத்தில் ஒரு கல்லை அடையாளம் வைத்து, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அதைப் பாருங்கள். அந்தத் துறையில் துணி துவைக்கிற அக்காமாரிடமும் குளிக்கிற பெரியவர்களிடமும் கேளுங்கள். எந்த நேரத்தில் தண்ணீர் ஏறும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். மேற்குச் சரிவுகளில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் அந்த மாதங்களில் பலகையைத் தொடவே வேண்டாம். மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம், ஆகவே காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

யாராவது அடித்துச் செல்லப்பட்டால் பின்னால் குதிக்காதீர்கள். கயிறு, நீளமான மூங்கில், வெற்றுக் கேன், கையில் கிடைத்ததை எறியுங்கள். ஒருவர் 119க்கும் இன்னொருவர் அம்புலன்சுக்கு 1990க்கும் அழைக்கட்டும். வெள்ளம், மண்சரிவு பற்றி விசாரிக்க அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.

## "ரெண்டு அடி போய் நின்னுருது அண்ணே"

### சுரண்டுகிற சத்தத்தோடு நிற்கிறதா?

தண்ணீர் போதவில்லை, அல்லது அடியில் கல். பலகையை ஓரமாக வைத்துவிட்டு, ஓடும் பாதை முழுவதையும் ஒரு தடவை நடந்து பாருங்கள். தண்ணீர் கால் விரல்களை மூடவேண்டும், கணுக்கால் எலும்பைத் தொடக்கூடாது. மரப்பலகைக்கு ஏற்ற ஆழம் இதுதான். பாதையில் கோழிமுட்டை அளவுக் கல் நீட்டிக்கொண்டிருந்தால் பொறுக்கி எறியுங்கள். பொறுக்க முடியாத அளவு கல் என்றால் அந்த இடம் ஸ்கிம்போர்டுக்கு ஆகாது, வேறு திட்டு தேடுங்கள். மலையின் மேல்பகுதி ஓயாக்கள் பெரும்பாலும் பாறையும் கூழாங்கல்லும்தான். கம்பளையிலிருந்து பேராதனை வரை மகாவலி சற்று விரிந்து மணல் போடுகிற இடங்கள்தான் மரப்பலகைக்கு ஏற்றவை.

அங்கேயும் ஒரு ஆபத்து உண்டு. மணல் அள்ளிய குழிகள். மேலே கணுக்கால் ஆழம் தெரியும், அடுத்த எட்டில் ஆளையே விழுங்கும் ஆழம் இருக்கும். நீளமான கம்பால் குத்திப் பார்த்துக்கொண்டே நடக்கவேண்டும். பலகை வழுக்கி நிற்கக்கூடிய தூரத்துக்கும் அப்பால் இன்னும் பத்துக் காலடி தூரம் வரை பாருங்கள். இதைச் செய்யாத பிள்ளைகளுக்கு நான் பலகை வெட்டிக் கொடுப்பதில்லை.

### சத்தமில்லாமல் அமுங்கி நிற்கிறதா?

வரிசையாகப் பாருங்கள்.

தண்ணீர் ஆழம் கூட. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தால் மரப்பலகை நின்றுவிடும். ஓரத்துக்கு வாருங்கள்.

ஓடிவரும் தரை மெது. ஈர மணலில் ஓடிவிட்டுத் திரும்பிப் பாருங்கள். குதிகால் தடம் ஒரு விரற்கடைக்கு மேல் இறங்கியிருந்தால் உங்கள் வேகமெல்லாம் மணலுக்குள் போய்விட்டது. மஸ்கெலியாவிலும் காசல்ரீயிலும் வறட்சியில் நீர்த்தேக்கம் வற்றும்போது தெரியும் வண்டல் ஓரங்களில் இதுதான் நடக்கும்: பார்க்க வழவழப்பாக இருக்கும், ஓடினால் கால் புதையும். மஸ்கெலியாவின் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கினால் பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலும் கட்டடங்களும் வெளியே தெரியும். அந்தப் பக்கம் உடைந்த செங்கல்லும் துருப்பிடித்த கம்பியும் கிடக்கும். அங்கே ஓடாதீர்கள்.

ஓட்டத்தோடு சேர்ந்து ஓடுகிறீர்கள். தண்ணீரும் நீங்கள் ஓடுகிற பக்கமே போனால் பலகைக்குக் கிடைக்கும் வேகம் குறையும். அதே இடத்தில் ஓட்டத்துக்குக் குறுக்காக, சற்று எதிர்முகமாக ஓடிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் பலகை நல்லது.

பலகையை எறியும்போது சாய்கிறது. ஒரு ஓரம் முதலில் விழுந்தால் அங்கேயே நின்றுவிடும். கூட்டாளியைப் பக்கவாட்டில் நிறுத்தி கைபேசியில் எடுக்கச் சொல்லுங்கள். பலகை தண்ணீருக்கு மிக அருகில், மட்டமாக, முன்னோக்கிப் போகவேண்டும்.

பலகை உங்கள் எடைக்குச் சிறியது. பெரியவர்களுக்கான மரப்பலகை சுமாராக 40 முதல் 46 அங்குல நீளம், 20 அங்குல அகலம் இருக்கும். தம்பிக்கு வெட்டிய பலகையில் அண்ணன் ஏறினால் அது அமுங்கத்தான் செய்யும். சந்தேகம் இருந்தால் உங்களைவிட மெலிந்த ஒருவரை அதே இடத்தில் ஏறச் சொல்லுங்கள். அவருக்கு ஓடினால் அளவுதான் பிரச்சினை.

பலகை தண்ணீர் குடித்திருக்கிறது. இதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

## "கால் வழுக்குது"

அதிகமாக வரும் முறைப்பாடு இது. அதிகமான காசு வீணாவதும் இதில்தான். கால் வழுக்கினால் உடனே ஒட்டுப்பாய் (பிடிமானத்துக்காகப் பலகையின் மேல் ஒட்டுகிற பாய்) வாங்க ஓடுகிறார்கள். பொறுங்கள்.

### கைக்கு வழவழவென்று இருக்கிறதா?

மேல்பக்கத்தை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மெல்லிய சேற்றுப் படலம் இருந்தால் தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அது தலைக்கு வைத்த எண்ணெய், அல்லது வெயிலுக்குப் பூசிய கிரீம். அட்டைக்கடிக்குக் காலில் எண்ணெயோ சவர்க்காரமோ தடவிக்கொண்டு பலகையில் ஏறுகிறவர்களும் உண்டு. பாத்திரம் கழுவும் சோப்பால் பலகையையும் பாதத்தையும் கழுவிவிட்டு மறுபடி ஏறிப் பாருங்கள்.

### மெழுகு இருக்கிறது, ஆனாலும் வழுக்குகிறதா?

நம் மலைக்கே உரிய பழுது இது. கடற்கரைக் கடைகளில் கிடைக்கும் பலகை மெழுகு பெரும்பாலும் வெப்பக் கடலுக்கானது. சுமார் 24 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட தண்ணீரில் பிசுபிசுப்பாக இருக்கும்படி செய்தது. நுவரெலியாவின் சராசரி காற்று வெப்பநிலையே 16 பாகை அளவுதான். அந்தத் தண்ணீரில் அதே மெழுகு கல்லாகிவிடும், கண்ணாடியில் நிற்பது போலத்தான்.

சோதனை சுலபம். மெழுகு பூசிய பலகையை ஆற்றில் ஐந்து நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். எடுத்து, கட்டைவிரல் நகத்தால் மெழுகை அழுத்துங்கள். நகத்தடம் பதிந்து ஓரம் லேசாக எழும்பினால் மெழுகு சரி. தடம் பதியாமல் வெள்ளைத் துகளாக உதிர்ந்தால் அது உங்கள் ஆற்றுக்கு மிகக் கடினம். தலவாக்கலை, ஹட்டன், நுவரெலியாக்காரர்கள் குளிர்ந்த நீருக்கான மெழுகு என்று கேட்டு வாங்க வேண்டும். உறையில் வெப்பநிலை போட்டிருக்கும். 14 முதல் 20 வரை எட்டுகிற வகையைப் பாருங்கள். கம்பளை, பேராதனை, கித்துல்கல என்றால் அதற்கு அடுத்த சூடான வகை போதும்.

கடையில் கிடைக்காவிட்டால் தேன்மெழுகைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த தகரத்தில் உருக்கி, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் சேர்த்து ஆற விடுங்கள். ஒரு துண்டை ஆற்று நீரில் நனைத்து அதே நகச் சோதனை. கடினமாக இருந்தால் மறுபடி உருக்கி எண்ணெயைச் சற்றுக் கூட்டுங்கள். அடுப்பில் நேரடியாக வைக்காதீர்கள், மெழுகு தீப்பிடிக்கும்.

வெறும் மெழுகுதிரியைத் தேய்ப்பது மலையில் வேலை செய்யாது. அது எந்த வகையைவிடவும் கடினம்.

### பழைய மெழுகு கறுத்துப் பாளமாக இருக்கிறதா?

மணலும் சேறும் கலந்துவிட்டன. பலகையைச் சற்று நேரம் வெயிலில் வைத்து மெழுகு இளகியதும் பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டுங்கள். மிச்சத்தை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, சோப்பு போட்டுக் கழுவிக் காயவிடுங்கள். ஃபோம் பலகையில் உடைப்பு இருந்தால் மண்ணெண்ணெய் உள்ளே போகக்கூடாது. அங்கே சுரண்டுவதோடு நிறுத்துங்கள்.

### மெழுகு பிடிக்கவே மாட்டேன் என்கிறதா?

வார்னிஷ் பளபளப்பு காரணம். 80ஆம் நம்பர் சாண்ட்பேப்பரால் மேல்பக்கத்தை மட்டும் மங்கலாகத் தேய்த்துவிட்டு மெழுகு பூசுங்கள். ஈர வார்னிஷ் மேல் சலித்த மணல் தூவுகிற முறையும் உண்டு. கன்வஸ் சப்பாத்து போட்டு ஓடுகிறவர்களுக்கு அது நன்றாக நிற்கும். வெறுங்காலோடு ஓடும் சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். விழும்போது முழங்கால் தோல் முழுக்க அதில் போகும்.

இதற்குப் பிறகும் வழுக்கினால்தான் ஒட்டுப்பாய். ஒரு துளி மெழுகு இருந்தாலும் அது ஒட்டாது. குளிரில் பசை சோம்பிவிடும். பாயையும் பலகையையும் லேசாகச் சூடாக்கி, அழுத்தி ஒட்டி, ஒரு முழு நாள் தண்ணீர் படாமல் வையுங்கள்.

## "மூக்கு குத்துது"

பலகையின் முன்பக்கம் தண்ணீருக்குள் போய் ஆள் தலைகுப்புற விழுவது. ஆழமில்லாத தண்ணீரில் இது பல்லையும் கழுத்தையும் பதம் பார்க்கும்.

முன்கால் எங்கே வைக்கிறீர்கள் என்று பாருங்கள். ஈரக்கால் தடம் பலகையின் நடுவுக்கு முன்னால் விழுந்தால் காரணம் அதுதான். நடுவில் ஒரு கோடு போட்டு, முன்கால் அதற்கு அருகிலும் பின்கால் அதற்குப் பின்னாலும் விழப் பழகுங்கள். அடுத்து, மணலில் தண்ணீர் அரித்த வரிவரியான மேடுகள் இருக்கின்றனவா? மேட்டுக்கு மேட்டு மூக்கு தட்டும். வரிகளுக்கு இணையாக ஓடுங்கள்.

பிறகு பலகையைச் சிமெந்துத் தரையில் வையுங்கள். மூக்குக்குக் கீழே இரண்டு விரல்களைப் படுக்கையில் ஒன்றன்மேல் ஒன்றாக நுழைக்க முடிந்தால் வளைவு போதும். ஒரு விரலும் போகாவிட்டால் பலகை தட்டை. கண்ணாடி போன்ற தண்ணீரில் மட்டும்தான் ஓடும். முடித்த பிளைவுட்டை வெந்நீர் ஊற்றி வளைக்க முயற்சிக்காதீர்கள், வளைவு நிற்காது, பசைதான் விடும். இரண்டு மெல்லிய பிளைவுட் தாள்களைப் பசை பூசி, வளைந்த அச்சில் கிளாம்ப் போட்டுப் புதிதாகச் செய்வதே வழி. தளபாடம் செய்கிற தச்சுப் பாசுக்கு இது தெரிந்த வேலை.

## "பலகை கனத்திருச்சு, ஓரம் பிளந்திருச்சு"

பலகை புதிதாக இருக்கும்போதே மரக்கறிக் கடைத் தராசில் நிறுத்து, எடையைப் பென்சிலால் பின்பக்கம் எழுதி வார்னிஷ் அடித்துவிடுங்கள். பிறகு சந்தேகம் வரும்போதெல்லாம் நிறுத்துப் பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த பிறகும் எடை கூடியிருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது.

எடை எழுதாதவர்கள் ஒரு நாணயத்தை எடுங்கள். பலகையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மூக்கிலிருந்து வால் வரை, பிறகு ஓரம் முழுக்க நாணயத்தின் விளிம்பால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக்' என்று இறுக்கமான சத்தம் வரும். அடுக்கு விட்ட இடத்தில் சத்தம் அமுங்கி, பொத்தென்று இருக்கும். அப்படிக் கேட்கிற எல்லையைப் பென்சிலால் சுற்றி வரையுங்கள். கண்ணுக்குத் தெரியும் பிளவு ஒரு அங்குலம் இருக்கும்போது வட்டம் உள்ளங்கை அளவு வருவதும் உண்டு. பழுதின் உண்மையான அளவு அந்த வட்டம்தான்.

### மரப்பலகை

வார்னிஷ் தேய்ந்து ஓரம் வெள்ளையாகத் தெரிகிறது, பிளவு இல்லை என்றால்: காயவிட்டு, 120ஆம் நம்பரால் தேய்த்து, ஓரத்துக்கு மட்டும் மூன்று கை வார்னிஷ் அடியுங்கள். முதல் கை தின்னர் கலந்து நீர்க்க இருக்கட்டும். பிளைவுட் தண்ணீர் குடிப்பது முகத்தால் அல்ல, ஓரத்தால். ஒவ்வொரு பருவமும் இதைச் செய்தால் மீதிப் பழுதுகள் வருவதே குறையும்.

பிளவு இருந்தால் முதலில் காயவேண்டும். நிழலில், காற்று இரண்டு பக்கமும் படும்படி, ஓரத்தில் நிறுத்தி வையுங்கள். மிஸ்ட் இறங்கும் நாட்களில் ஒரு வாரம்கூட ஆகலாம். பிளவைக் கத்தி நுனியால் லேசாகத் திறந்து, இரண்டு குழாய் எபொக்சிப் பசையை மெல்லிய தகட்டால் உள்ளே தள்ளி, மேலும் கீழும் பொலித்தீன் வைத்து, இரண்டு சட்டங்களுக்கு நடுவில் கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள்.

பென்சில் வட்டம் நீங்கள் கால் வைக்கும் இடத்தைத் தொட்டுவிட்டால் ஒட்டவேண்டாம். ஓட்டத்தின் நடுவில் உடைந்தால் சிராய் காலில் ஏறும்.

### ஃபோம் பலகை

சிறு கீறல், ஓட்டை என்றால் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்துங்கள். ஒவ்வொரு ஓட்டமும் உள்ளே தண்ணீரைத் தள்ளும். ஓட்டை கீழ்ப்பக்கம் வரும்படி சாய்த்து வடியவிட்டு, காய்ந்த பிறகே அடைக்க வேண்டும்.

அடைக்கும் முன்னால் உள்ளே இருப்பது என்ன ஃபோம் என்று பாருங்கள். ஓட்டையின் ஓரத்தில் சிறு சிறு உருண்டைகள் தெரிந்தால் அது தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வரும் வெள்ளை ரெஜிஃபோம் இனம். அதில் பொலியெஸ்டர் ரெசின் பட்டால் கரைந்து குழியாகிவிடும். கராஜில் வேன் பம்பர் ஒட்டுகிற டிங்கர் பாசிடம் இருப்பது பெரும்பாலும் பொலியெஸ்டர்தான். அவர் கைவேலை நன்றாக இருக்கும், ஆனால் ரெசின் தப்பு. எபொக்சி மட்டும் என்று சொல்லிக் கொடுங்கள். உருண்டை தெரியாத, மாவு போன்ற ஃபோம் என்றாலும் சந்தேகம் இருந்தால் எபொக்சியே போடுங்கள். எல்லா வகைக்கும் அது பாதுகாப்பு.

குதிகால் வைக்கும் இடம் அமுங்கினால், ஃபைபர் தோல் கொப்பளம் போல எழும்பினால், குறுக்கே வெடிப்பு ஓடினால் வீட்டில் கை வைக்காதீர்கள். வெலிகம, ஹிக்கடுவை, அறுகம்பேயில் அலைப்பலகை பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் படம் அனுப்பி விலை கேளுங்கள். பழுதுக் கூலியும் பஸ் கூலியும் சேர்ந்து புதுப்பலகை விலையில் பாதியைத் தாண்டினால், அந்தக் காசில் ஆற்றுக்கென்று ஒரு மரப்பலகை வெட்டுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். மலை ஆற்றுக் கல்லுக்கு ஃபைபர் தோல் தாங்காது. ஒட்டினாலும் அடுத்த மாதம் வேறு இடத்தில் ஓட்டை விழும்.

### ஒட்டிய இடம் பிசுபிசுவென்றே இருக்கிறதா?

குளிர். கொழும்பில் சில மணித்தியாலத்தில் இறுகுகிற ரெசின் நுவரெலியா இரவில் மறுநாளும் பிசின் போல இருக்கும். கலக்கும் முன்னால் இரண்டு போத்தல்களையும் மூடியோடு இளஞ்சூட்டு நீரில் வையுங்கள். ஒட்டிய பிறகு பலகையின் பக்கத்தில் சுடுதண்ணீர்ப் போத்தலை வைத்து, கம்பளியால் கூடாரம் போல மூடி, இரவு ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள்.

சீக்கிரம் இறுகட்டும் என்று எபொக்சியில் ஹார்ட்னரை (ரெசினை இறுக வைக்கும் திரவத்தை) கூட்டினால் அது எப்போதும் இறுகாது. பாமசியில் ஊசியில்லாத சிரிஞ்ச் இரண்டு வாங்கி, போத்தலில் போட்ட விகிதப்படி அளந்து ஊற்றுங்கள். பொலியெஸ்டருக்கு ஹார்ட்னர் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை. அந்த ஹார்ட்னர் கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வைக்கு ஆபத்து. கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். பட்டுவிட்டால் தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பிள்ளைகள் தனியாகச் செய்யும் வேலையல்ல இது.

இரண்டு நாளாகியும் பிசுபிசுத்தால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி. மேலே வார்னிஷ் அடித்து மறைத்தால் உரிந்து வரும். வார்னிஷ் பால் போல வெளுத்தால் காற்று ஈரம். வெயில் ஏறிய பிறகு அடித்து, மிஸ்ட் இறங்கும் முன் உள்ளே எடுத்து வையுங்கள்.

## "தரையில வச்சா ஆடுது"

முறுக்கிவிட்டது. பெரும்பாலும் காரணம் அடுப்புக்கு மேல் பரணில் விறகோடு சேர்த்துக் காயவைப்பது, அல்லது லயத்துத் தகரக் கூரைக்குக் கீழே சொருகி வைப்பது. ஒரு பக்கம் காயும், மறுபக்கம் காயாது. கொஞ்சம் முறுக்கல் என்றால் இரண்டு முகத்தையும் ஈரத்துணியால் துடைத்து, சமதரையில் வைத்து, அரிசி மூட்டை ஏற்றி ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். சரிவராவிட்டால் பலகை போய்விட்டது.

## கயிறு கட்டி இழுக்கிறார்கள், பலகை நிற்க மாட்டேன் என்கிறது

பாலத்திலோ மரத்திலோ கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு பலகைமேல் ஆற்றோட்டத்துக்கு எதிராக நிற்பது. இதற்குப் பழுது நீக்கம் சொல்லமாட்டேன், எல்லை மட்டும் சொல்கிறேன். கயிற்றை இடுப்பிலோ மணிக்கட்டிலோ சுற்றக்கூடாது. கைப்பிடி மட்டும், விட்டால் விட்டதுதான். ஆற்றில் பலகையைக் காலோடு கட்டும் வாரும் வேண்டாம், கல்லில் மாட்டினால் தலை மேலே வராது. வேகமான தண்ணீர் முழங்காலைத் தொட்டால் எழுந்து நிற்க முயற்சிக்காதீர்கள், பாதம் கல்லிடுக்கில் சிக்கும். காலை முன்னே நீட்டி மல்லாந்து மிதந்து ஓரம் வாருங்கள். தடுப்பணையிலிருந்து தண்ணீர் விழும் அடிவாரத்தில் ஒருபோதும் இறங்காதீர்கள். அந்தச் சுழல் ஆளைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். இழுவை பழகவேண்டும் என்றால் கித்துல்கலவில் ராஃப்டிங் வழிகாட்டிகளிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள்.

## உடம்பு சொல்லும் அறிகுறிகள்

பாதம் கீறுகிறது. பழைய பள்ளிக்கூடக் கன்வஸ் சப்பாத்து போதும். ரப்பர் செருப்பு வேண்டாம், அது கழன்று பலகைக்கு அடியில் போகும்.

பற்கள் தந்தியடிக்கின்றன. நனைந்த பருத்திச் சட்டை குளிரை உடம்போடு பிடித்து வைக்கும். நீச்சலுக்கான இறுக்கமான நைலோன் சட்டை போடுங்கள். நடுக்கம் நிற்காவிட்டால், பேச்சு குளறினால், அன்றைய ஓட்டம் முடிந்தது: உலர்ந்த உடுப்பு, கம்பளி, இனிப்பான சூடான தேநீர், அதற்கும் தெளியாவிட்டால் 1990.

தலை அடிபடுகிறது. சைக்கிள் ஹெல்மெட் ஒரு பெரிய அடிக்குத்தான். ஆற்று ஹெல்மெட்டில் தண்ணீர் வடியும் துளைகளும் ஈ.என். 1385 என்ற ஐரோப்பியத் தரக் குறியும் இருக்கும். கயிற்று இழுவைக்கு 50 நியூட்டன் மிதவைச் சட்டையும் சேர்த்து வேண்டும். முதலில் காசு போடவேண்டியது இந்த இரண்டிலும்தான், பலகையில் அல்ல. அடிபட்டவர் வாந்தி எடுத்தாலோ, தூங்கி வழிந்தாலோ, கழுத்து வலி என்றாலோ அசைக்காமல் அம்புலன்சுக்கு அழையுங்கள்.

ஆற்றுக்குப் போய் வந்து சில நாளில் காய்ச்சல். எலிக்காய்ச்சல் அறிகுறி 2 முதல் 30 நாட்களுக்குள் தெரியலாம்: காய்ச்சல், கெண்டைக்கால் தசை வலி, கண் சிவப்பு. பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய், ஆற்றில் இறங்கியதையும் காலில் காயம் இருந்ததையும் டொக்டரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். வயலும் மரக்கறித் தோட்டமும் வடியும் ஆறுகளில் வழமையாக இறங்குகிறவர்கள், முன்கூட்டியே மாத்திரை தேவையா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். காயம் ஆறும் வரை ஆற்றில் இறங்காதீர்கள்.

## எல்லாம் பார்த்தாயிற்று, புதுப்பலகைதான் என்றால்

மணல் திட்டில் ஓடுகிறவர்களுக்கு 9 மில்லிமீற்றர் தடிப்பு மரப்பலகை. எட்டடிக்கு நாலடி பிளைவுட் தாள் ஒன்றில் 42 அங்குலத்துக்கு 20 அங்குலப் பலகை நான்கு வரும். நான்கு பேர் சேர்ந்து வாங்கினால் செலவு பகிர்ந்துவிடும். ஒரே தாளில் தட்டையாக வெட்டினால் மூக்கு வளைவு வராது. வளைவு வேண்டுமென்றால் அரைத்தடிப்புத் தாள் இரண்டு வாங்கி ஒட்டச் சொல்லுங்கள், அதே அளவில் நான்கு கிடைக்கும். ஃபோம் பலகையை, அடிக்கடி கடலுக்கும் போகிறவர் மட்டும் வாங்கட்டும்.

ஹார்ட்வெயாரில் "மரீன்" (தண்ணீர் தாங்கும் பிளைவுட்) என்று சொல்லி விற்பதெல்லாம் மரீன் அல்ல. தாளில் பி.எஸ். 1088 என்ற பிரித்தானியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இல்லாவிட்டால் காசைக் கொடுக்கும் முன் உள்ளங்கை அளவு வெட்டுத்துண்டு ஒன்று கேட்டு வாங்கி, வீட்டில் தண்ணீரில் போட்டுச் சில மணித்தியாலம் கொதிக்க விடுங்கள். ஆறியதும் ஓரத்தை நகத்தால் நெம்புங்கள். அடுக்கு திறந்தால் அந்தத் தாள் வேண்டாம். திறக்காவிட்டால் மறுநாளே போய் அதே கட்டிலிருந்து தாளை எடுத்துவிடுங்கள்.